சங்கக்கடை மனேஜரின் மூக்கும் நாலு வகைக் கோப்பியும்

சிவமயம்

கொக்குவில் மேற்கு,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணைக்கு,

தங்கள் தம்பி சீவரத்தினம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் பராசக்தியும் மகள் கஜானியும் மருமகன் மயூரதனும் பிள்ளையார் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம். அங்கே தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் பனியில் விறைக்காமல் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாகத் தங்கள் நெஞ்சு நல்ல சுகமாக இருக்க வேண்டும். அந்த நெஞ்சைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தின் கடைசியில் ஒரு சின்ன உதவி கேட்க இருக்கிறேன். தாங்கள் பயப்பட வேண்டாம். பயப்படுகிற வேலையை இந்த வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து நானே செய்துகொண்டிருக்கிறேன்.

போனில் கதைக்காமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். நான் போனை எடுத்தால் பராசக்தி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்துவிடுவாள். கஜானி வந்தால் அதை வாங்கிச் சத்தமாகக் கேட்கும்படி வைத்துவிடுவாள். உங்கள் தெருவில் இருக்கிற சாருஜா கலியாணவீடு ஒன்றுக்கு வந்து, நாளைக்கு ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போகிறாள். அவளிடம் உங்களுக்குக் கொடுத்துவிடும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைக்கப் போகிறேன். உறையைச் சோற்றுப் பசையால் எல்லாப் பக்கமும் ஒட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கைக்கு வந்ததும் தனியாக இருந்து வாசிக்கவும். அண்ணிக்குச் சொல்ல வேண்டாம். அண்ணிக்குச் சொன்னால் பராசக்திக்குச் சொன்ன மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணை, எனக்கு மணம் தெரியாது. கொறோனாக் காலத்தில் வந்த காய்ச்சலோடு போன மணம் இன்றுவரை திரும்பவில்லை. அந்த நாட்களில் மணம் தெரியவில்லை என்று வாய் திறந்தால் போதும், தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு ஆட்கள் வந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள், படலையில் அறிவித்தல் ஒட்டுவார்கள், தெருவே எட்டிப் பார்க்கும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். பஸ் வராத காலம் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் பெருங்காயமும் சாம்பிராணியும் ஒன்றாகி, அதுவும் பழகி, இனிச் சொன்னால் ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் முதல் பயத்தைவிடப் பெரிதாகிவிட்டது. காஸ் சிலிண்டர் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று குசினிக்குள் போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். நான் பால்மாப் பேணியைத் தேடி வருகிறேன் என்று பராசக்தி நினைக்கிறாள். நினைக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இது வேறு ஆருக்கும் நடந்திருந்தால் ஒன்றுமில்லை. நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் சீவரத்தினம். சாக்கின் வாயை அவிழ்க்கிறபோதே அரிசி எத்தனை மழையில் நனைந்தது என்று சொன்னவன், மண்ணெண்ணெயில் கலப்படம் இருப்பதைப் பீப்பாய்ப் பரலுக்கு வெளியே நின்று கண்டுபிடித்தவன் என்று கொக்குவில் முழுக்க என் மூக்கைப் பற்றிக் கதை இருக்கிறது. அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நானே பரப்பினேன். அந்த இரண்டு பாதியையும் நம்பித்தான் மயூரதன் வங்கி வேலையை விட்டான். இனி அவன் அந்த வங்கிப் படி ஏற முடியாது. அவனுடைய தாயார் என்னைக் கோயிலில் கண்டால் இப்போதே மற்றப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறா.

அவன் தொடங்கியிருப்பது உயர்ரகக் கோப்பி. நாங்கள் கோப்பி என்றால் மல்லியும் சுக்கும் சேர்த்துக் கருக வறுத்து, இடித்து, சீனி போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற ஆட்கள். மயூரதன் சொல்கிறான், வறுக்கிறதுக்கு முன்னமே, பழத்துக்குள் இருக்கிற கொட்டையை எப்படி வெளியே எடுத்துக் காயவைத்தோம் என்பதிலேயே சுவை பாதி முடிவாகிவிடுகிறதாம். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் பறித்த பழம்தான். தோலை உரித்து, கொட்டையில் ஒட்டியிருக்கிற வழுவழுப்பைத் தொட்டியில் புளிக்கவைத்துக் கழுவிக் காயவைத்தால் தேசிக்காய்ப் புளிப்போடு தெளிவாக இருக்குமாம். தோலை மட்டும் உரித்துவிட்டு வழுவழுப்போடேயே காயவைத்தால் பனங்கட்டி இனிப்பு ஏறுமாம். அதற்குத் தேன் கோப்பி என்று பெயர், தேன் ஒரு சொட்டும் கிடையாது. ஒன்றும் உரிக்காமல் முழுப்பழத்தையும் வெயிலில் போட்டால் பழத்தின் வாசம் அப்படியே கொட்டைக்குள் இறங்குமாம். நாலாவது, முழுப்பழத்தைக் காற்றுப் போகாத பரலுக்குள் அடைத்துப் புளிக்கவைத்துவிட்டுப் பிறகு காயவைப்பது. அது வாய்த்தால் ராசா, பிழைத்தால் குப்பை. மலைநாட்டில் பழம் இருக்கிறது, மழையும் பனிப்புகாரும் விடுவதில்லை. மாசி மாதத்து யாழ்ப்பாணத்தில் வெயிலைத் தவிர வேறொன்றுமே இல்லை. ஆகவே மாத்தளைப் பக்கத்தில் பறித்த பழம் லொறியில் ஏறி விடியற்காலையில் எங்கள் வளவில் வந்து இறங்கியது.

இதில் எந்த முறையானாலும் புளிப்பை எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. அதை மணத்தில்தான் பிடிக்க வேண்டுமாம். “எல்லா மெசினும் வாங்கலாம் மாமா, உங்கடை மூக்கு மாதிரி ஒண்டு வாங்கேலாது” என்று மயூரதன் சொன்னான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கஜானி என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மீசையைத் தடவினேன்.

முதல் பயம் வலையில் வந்தது. கழுவின கொட்டையை நிலத்தில் போடக்கூடாது, கீழாலும் காற்றுப் பட வேண்டும் என்பதால் பனஞ்சலாகையில் கட்டில் அடித்து அதற்கு மேல் வலை கட்ட வேண்டும். புது வலை வாங்கும்படி மயூரதன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சங்கக்கடையில் இருந்தவனுக்குப் புது வலையில் மனம் போகுமா? கரையோரக் குருநகரில் ஒருவர் கழிக்க வைத்திருந்த வலையைக் குறைந்த விலைக்கு வாங்கி, கிணற்றடியில் அலசி, இழுத்துக் கட்டினேன். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. கொட்டையைப் பரப்பி வெயில் ஏறியதும் மதிலுக்கு மேலால் சிமியோன் மாஸ்டரின் தலை தெரிந்தது. அவர் பக்கத்து வளவுக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து இளைப்பாறியவர், குருநகரில் பிறந்தவர். எங்கள் வளவிலிருந்து வருகிற எந்த மணத்தையும் அவர் குறை சொல்லாமல் விட்டதில்லை. “என்ன சீவரத்தினம், சிவராத்திரி வாற மாதத்திலை கருவாடு காயப்போட்டிருக்கிறீரோ?” என்று கேட்டார்.

கோப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கிற மணத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், கட்டிலுக்குக் கிட்ட ஊதுபத்தியும் கொளுத்தக்கூடாது என்று மயூரதன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். நான் என்னடா என்றால் கொட்டையை மீன் வலையில் படுக்கவைத்து வெயிலும் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஓட்டமாகக் கடைக்குப் போய்ப் புது வலை வாங்கிவந்து, பழையதைக் கழற்றி எரித்து, எரித்த புகை கொட்டையில் படுமோ என்று பிறகு அதற்கும் பயந்து, தறப்பாளைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நின்றேன். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வழியும் பிறந்தது. மூக்குக்கு எங்கே போவேன் என்று நான் ஏங்கிக்கொண்டிருக்க, மதிலுக்கு அந்தப் பக்கத்தில் கடவுள் ஒரு மூக்கைச் சும்மா வைத்திருக்கிறார். மற்ற நாள் முதல் விடிந்ததும் மதிலடிக்குப் போய், மாஸ்டர், எங்கடை வேலையால் உங்களுக்குக் கரைச்சலோ என்று மரியாதையாக விசாரித்தேன். அவர் விடுவாரா? கழுவுகிற தொட்டி பழைய தோசைமா மாதிரி நாறுகிறது என்றார். உடனே ஓடிப்போய்க் கழுவினேன். தேன் கோப்பிக்கு எறும்பு படையெடுத்து, கட்டில் காலுக்கெல்லாம் தண்ணீர்ப் பேணி வைத்து நான் போராடிக்கொண்டிருக்க, பனங்கட்டிக்குக் கருப்பணி காய்ச்சுகிறீரோ என்று கேட்டார். சரி, இனிப்பு ஏறிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். முழுப்பழம் காய்கிற பக்கத்திலிருந்து அழுகின பலாப்பழ மணம் வருகிறது, பிரதேச சபைக்கு எழுதப்போகிறேன் என்றார். அன்று பழத்தைப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் கிளறிவிட்டேன். மயூரதன் கேட்கும்போதெல்லாம் மாஸ்டரின் வசவைக் கொஞ்சம் மரியாதையான சொல்லுக்கு மாற்றிச் சொன்னேன். அவன் அதைப் போனில் எழுதி வைத்துக்கொண்டான்.

பிறகு வந்ததுதான் பரல். அதன் மூடியில் ஒரு குழாய், குழாயின் மற்ற நுனி தண்ணீர்ப் போத்தலுக்குள். உள்ளே புளிக்கப் புளிக்கப் போத்தலில் குமிழி வரும். மயூரதன் அடுத்த லொறிக்குப் பழம் பார்க்க மலைக்குப் போக வேண்டி வந்தது. அங்கே போனும் எடுக்காது. போகுமுன் என்னைப் பரலுக்கு முன்னால் நிறுத்தி, “மாமா, குழாயிலை மணந்து பாருங்கோ. பலாப்பழம் மாதிரி இருந்தால் விடுங்கோ. வைன் மாதிரி மாறின உடனை எடுத்து வெயிலிலை போடுங்கோ. வினாகிரியாப் போனால் எல்லாம் போச்சு” என்றான். நான் ஓம் என்றேன். மாஸ்டர் இருக்கிறார் என்ற தைரியம்தான்.

மயூரதன் போன மற்ற நாள் மதிலடிக்குப் போனால் அந்தப் பக்கம் கதவு பூட்டிக் கிடக்கிறது. மாஸ்டர் கச்சதீவுக்கு அந்தோனியார் பெருநாளுக்குப் போய்விட்டாராம். அண்ணை, இருபது வருசமாக இந்த மனுசன் எப்போது வாயை மூடுவார் என்று காத்திருந்தவன், அவரைக் கொண்டுவந்து விடும்படி அந்தோனியாருக்கே நேர்த்தி வைத்தேன். குமிழி வருகிறது, வருகிறது, பிறகு மெதுவாக வருகிறது. மூக்கைக் குழாயில் வைத்து இழுத்தால் வெறும் காற்று. கோயிலுக்குப் போகிற ஐயரை மறித்து மணக்கச் சொல்லலாமா என்றும் யோசித்தேன், ஊர் சிரிக்கும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல் பராசக்தியைக் கூப்பிட்டு, என் முடிவு எனக்குத் தெரியும், உன்னுடைய மூக்கையும் ஒருக்கால் சோதித்துப் பார்ப்போம் என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து குழாயில் மூக்கை வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஓம், சரியா வந்திட்டுது. எடுங்கோ” என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது. அந்த நிமிசமே பரலைச் சரித்தேன்.

நாலு வகையும் காய்ந்து, மயூரதன் மாதிரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக லெனாட்டுக்கு அனுப்பினான். லெனாட் என்கிறவர் மெல்பேணில் கோப்பி ருசி பார்க்கவென்றே படித்து, இப்போது கொழும்பு ஹோட்டல்களுக்குக் கோப்பி எடுத்துக்கொடுக்கிற தம்பி. அவரும் குருநகர்க்காரர். கழுவின கோப்பி தேசி இலை மாதிரித் தெளிவாக இருக்கிறது, ஆனால் குடித்து முடிந்த பிறகு கடற்காற்று மாதிரி ஒன்று வருகிறது, என்னவென்று தெரியவில்லை, ஆனால் சொந்த ஊர் நினைவு வந்தது என்றாராம். நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். பரல் கோப்பியைக் குடித்தபோதுதான் மனுசன் எழும்பியே நின்றுவிட்டாராம். முதல் வாய் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், பிறகு முந்திரிகை வத்தல், தொண்டைக்குள் போன பிறகும் வாசம் போகவில்லை, இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கெட்டிருக்கும், முந்தியிருந்தால் இந்த ருசி வந்திருக்காது, இதை நிறுத்தின மூக்கை நான் நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மயூரதன் இதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்தால்.

கெட்டுப்போயிருந்தால் ஒரு நாள் ஏச்சோடு முடிந்திருக்கும். நல்லாக வந்ததால்தான் மாட்டிக்கொண்டேன். வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு லெனாட் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நாலு கோப்பையையும் மேசையில் வைத்து, எது எந்த முறை என்று என்னைக் கேட்பாராம். பரலை எந்த மணத்தில் நிறுத்தினேன் என்று நான் அவருக்கு விளக்க வேண்டுமாம். திருப்தியானால் வருகிற போகம் முழுவதையும் எங்களிடமே எடுப்பாராம். இல்லாவிட்டால் மயூரதனுக்கு வேறு வாசல் இல்லை. நான் கள்ளமாக நாலு கோப்பையும் ஊற்றி வைத்துப் பழகிப் பார்த்தேன். நாக்குக்குப் புளிப்பு, இனிப்பு, கயர்ப்பு தெரிகிறது. கழுவினதைப் புளிப்பில் பிடித்துவிடுவேன். மற்ற மூன்றும் எனக்குச் சுடுதண்ணீரும் கயர்ப்பும்தான். மூக்கில்லாத நாக்கு, தராசில்லாத சங்கக்கடை. அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் தேன் கோப்பியைக் காட்டிப் பரல் என்று சொன்னால், அதற்குப் பிறகு கஜானியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் அண்ணை? சாப்பாடு இறங்குகிறதில்லை. லொறிச் சத்தம் கேட்டாலும் லெனாட்தான் முந்தி வந்துவிட்டாரோ என்று நெஞ்சு அடிக்கிறது.

நெஞ்சு என்றதும் நான் கேட்க வந்த உதவிக்கு வருகிறேன். புதன்கிழமை காலை எங்களுடைய பத்து மணிக்குச் சற்று முன்பாக உங்களுக்கு நெஞ்சு நோ வர வேண்டும். உங்கள் கணக்கில் அது செவ்வாய் இரவு, படுக்கப் போகுமுன் ஒரு போன் எடுத்தால் போதும். ஏற்கெனவே ஒருமுறை உங்களுக்கு நெஞ்சில் வெட்டித் தைத்திருப்பதால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் போனோடு வெளியே ஓடி, கோயிலடிக்குப் போய் உங்கள் பேரில் ஒரு அர்ச்சனை செய்துகொண்டு, லெனாட் போனபிறகு வருவேன். எனக்குப் பதிலாகப் பராசக்தியை மேசைக்கு முன்னால் நிறுத்துவேன். பரலைச் சரியாகப் பிடித்தது உண்மையில் அவளுடைய மூக்குத்தானே. நீங்கள் இறந்துவிட்டதாகவே அறிவித்தால் இன்னும் பலமாக இருக்கும், துடக்கு என்று முப்பத்தொரு நாளும் என்னை ஒரு மேசைக்கும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் அண்ணி சம்மதிக்க மாட்டா, பிறகு நீங்கள் போனில் கதைப்பதும் கஷ்டம். ஆகையால் நோ மட்டும் போதும். கனக்க வேண்டாம்.

உங்கள் ஆயுளும் அண்ணியின் மாங்கல்யமும் நீண்டு நிலைக்க வேண்டும். பிள்ளைகள் தமிழ் மறவாமல் இருக்க வேண்டும். மிளகாய்த்தூள் இம்முறை உறைப்புக் கூட, பார்த்துப் போடவும். இந்த ஒருமுறை தம்பியைக் காப்பாற்றுங்கள்.

தங்கள் காலைத் தொட்டு,
பாசமுள்ள தம்பி
சீவரத்தினம்

பின்குறிப்பு: இது பராசக்தி எழுதுவது. அத்தான், சோற்றுப் பசை தண்ணீர் கொதிக்கிற கேத்தில் ஆவிக்குத் தாங்காது. பார்சல் கட்டுகிறது நான் என்பது இவருக்கு நினைவில்லை. இப்ப நித்திரை.

எனக்கும் மணம் தெரியாது. அதே காய்ச்சல்தான். சொன்னால் இவரை ஒரு இடத்திலும் என்னை ஒரு இடத்திலும் கொண்டுபோய் வைப்பார்கள் என்று பயந்து சொல்லவில்லை. இவருக்குப் பேர்போன மூக்கு இருக்குது, ஒரு வீட்டுக்கு ஒன்று போதும் என்று இருந்துவிட்டேன். காஸை இவர் தொட்டுவிட்டுப் போன பிறகு நானும் போய்த் தொடுகிறனான். பரல் குழாயில் எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. நிமிர்ந்து இவரைப் பார்த்தேன், சோதனை மறுமொழிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது, அதுதான் சரியாக வந்திட்டுது என்றேன். அந்த மாம்பழமும் முந்திரிகை வத்தலும் எங்கேயிருந்து வந்ததோ, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

ஆகையால் உங்களுக்கு நெஞ்சு நோ வரக்கூடாது. வந்தால் லெனாட் தம்பிக்கு முன்னால் நிற்கப்போறது நான். சிமியோன் மாஸ்டர் கச்சதீவால் எப்பவோ வந்துவிட்டார். புதன்கிழமை காலமை கோப்பி குடிக்க வரச்சொல்லியிருக்கிறேன். நாலு கோப்பையையும் அவருக்குக் கிட்ட வைத்தால் வாய் சும்மா இராது. அதை மரியாதையாக மாற்றிச் சொல்ல இவருக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். என்ரை மூக்கைப் பற்றி இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்ததும் ஒவ்வொரு நாளும் குனிந்து, என்ன மணமப்பா பராசக்தி என்று சொல்லுவார். அதை நம்பித்தான் நான் இவ்வளவு காலமும் குழம்பை இறக்கினனான். பொய் என்று இண்டைக்குத்தான் தெரியும். எனக்கும் மணம் தெரியாதென்று அறிந்தால் வெட்கத்தில் நிப்பாட்டிப்போடுவார். எனக்கு அது வேணும், அத்தான்.